எதிர்க்கட்சி வேட்டியில் உறங்கிய பேத்தி

கண்ணால் கண்டதையும், காதால் நேரே கேட்டதையும், கையால் தொட்டு அறிந்ததையும் மட்டுமே இங்கு எழுதப் போகிறேன். இவ்வளவு கண்டிப்புக்குக் காரணம் உண்டு. நான் சொல்லவிருக்கும் நிகழ்ச்சி, நான் பணிபுரிந்த மருத்துவமனையின் தேநீர்க் கூடத்தில் பல்லாண்டுகளாக வளர்ந்துகொண்டே வருகிறது. ஒரு வடிவத்தில் பிறந்தவை இரட்டைக் குழந்தைகள். இன்னொன்றில் இரண்டு தாத்தாக்களும் கட்டிப் புரண்டு சண்டையிட்டனர். மூன்றாவதில் நான் அவர்களுள் ஒருவரைத் தட்டால் அடித்தேன். அது நடக்கவில்லை. நடந்திருந்தால் தவறில்லை என்பது வேறு செய்தி.

ஓய்வுபெற்ற பின் சென்ற மாதம் என் பழைய மருத்துவமனைக்குப் போயிருந்தேன். மகப்பேற்றுப் பிரிவில் இப்போது குழந்தைகளைச் சுற்றுவதில்லை. உறையில் போட்டுப் பூட்டுகிறார்கள். வாயில் ஜிப் வைத்த பை, மேலே ஒட்டுப்பட்டை, நெஞ்சில் கரடி படம். கடையில் வாங்கி வருகிறார்கள். இளஞ்செவிலி ஒருத்தி என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"அக்கா, வேட்டியில எப்படிக்கா சுத்துவீங்க? அவுந்து போகாதா?"

"உன் சேலை அவுந்து போச்சா?"

"நான் சேலையே கட்டுறதில்லக்கா."

ஆகவே எழுத உட்கார்ந்தேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்ல ஒன்றுமில்லை. செவிலியர் பள்ளியிலிருந்த ரப்பர்க் குழந்தைப் பொம்மைக்கு ஒரு கை இல்லை. ஒற்றைக்கைக் குழந்தைகளைச் சுற்றுவதில் நாங்கள் அனைவரும் சிறப்பான தேர்ச்சி பெற்று வெளியே வந்தோம். இரண்டு கையோடு பிறந்த முதற் குழந்தையைக் கண்டபோது எஞ்சிய கையை எங்கே வைப்பதென்று நான் திகைத்ததைக் கண்ட மேற்பார்வைச் செவிலியர் ஞானசுந்தரி அம்மையார், சமையற்கட்டிலிருந்து ஒரு பூசணிக்காயை வரவழைத்தார். "இதச் சுத்திப் பழகு. பொம்ம விழுந்தா ஒடையாது. இது ஒடையும். அதான் பயம் வரும்" என்றார். பயம் வந்தது. எனினும் முதற்காய் உடைந்தது. அதை அன்று மதியம் குழம்பில் உண்டோம்.

ஞானசுந்தரி அம்மையாரின் இயல்பைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சினம் ஏற ஏற அவரிடம் மரியாதைதான் ஏறும். "ஏண்டி" என்று அழைத்தால் அன்று எல்லாம் நலம். "வாங்க சிஸ்டர்" என்றால் எங்கோ பிழை. "மேடம், தயவுசெஞ்சு உக்காருங்க" என்றால், உட்காராமல் அப்படியே வீட்டுக்குப் போய்விடுவது நல்லது. எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் முகத்தைக் கொஞ்சமாட்டார். துணிக்குள் கையை நுழைத்துப் புறங்கையால் வயிற்றைத் தொடுவார். அடுத்து உள்ளங்காலைத் தொடுவார். இரண்டும் ஒன்றுபோல் வெதுவெதுப்பாக இருந்தால் போய்விடுவார். வயிறு சூடாகவும் கால் சில்லென்றும் இருந்தால், குழந்தை தன் சூட்டைக் காக்கப் போராடத் தொடங்கிவிட்டது என்று பொருள். இரண்டும் குளிர்ந்திருந்தால் அவர் ஓடுவார். அவர் ஓடி நான் மிகச் சிலமுறையே கண்டிருக்கிறேன்.

துணியைப் பற்றி அவர் வகுத்த முறை இது. பிறந்த குழந்தைக்கு முதலில் புதுத்துணி சுற்றுவதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நலமாக வாழ்ந்த பெரியவர் ஒருவரின் பழைய பருத்தித் துணியே முதலில் மேனியில் படவேண்டும். துணிக்கு உரியவரின் குணமும் ஆயுளும் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. குணம் வருமா என்று அம்மையார் ஆராய்ந்ததில்லை. பழைய துணி ஈரத்தை உறிஞ்சும், மெத்தென்றிருக்கும், சாயம் போகாது. அது அவருக்குப் போதும். துவைத்து வெயிலில் காய்ந்த வேட்டியைச் சதுரங்களாகக் கிழிப்போம். ஓரத்தைத் தைக்கமாட்டோம்; தையல் தோலை அராவும். சதுரத்தைச் சாய்த்து விரித்து, மேல்முனையை உள்ளே மடித்து, மடிப்பின்மேல் கழுத்து வருமாறு குழந்தையைக் கிடத்தவேண்டும். ஒரு முனையை மார்பின் குறுக்கே கொண்டுவந்து அடியில் செருகவேண்டும். கீழ்முனையை மேலே தூக்கிவிட்டு, மறுமுனையால் மூடவேண்டும். மார்புக்கும் துணிக்கும் இடையே இரண்டு விரல் நுழையவேண்டும். கால்களை நீட்டிக் கட்டக்கூடாது. தவளைபோல் மடங்கி உதைக்க இடம் விடவேண்டும். இடுப்பு எலும்பின் நலம் அதில் இருக்கிறது. "பிள்ளையக் கட்டாத, அணைச்சு வை" என்பார்.

இனி அந்த நிகழ்ச்சி.

பாண்டிச்செல்வி என்ற பெண்ணுக்குத் தலைப்பிரசவம். பிறந்தகம் கொட்டாம்பட்டிப் பக்கம். வாழ்க்கைப்பட்டது உசிலம்பட்டிப் பக்கம். இரத்த அழுத்தம் மிகுந்துவிட்டமையால், நாள் நிறையுமுன்பே காலையில் அறுவை செய்து குழந்தையை எடுக்கவேண்டியதாயிற்று. பெண் குழந்தை. மூச்சு நன்றாக இருந்தது, எடைதான் குறைவு. தாயைத் தீவிரப் பிரிவில் வைத்திருந்தார்கள். அவளுடைய அம்மா அந்தக் கதவைவிட்டு நகரவில்லை. கணவன் லாரி ஓட்டுநர். சுமையோடு வடக்கே எங்கோ இருந்தான். அவனுடைய அம்மா முன்பே காலமாகிவிட்டார். எஞ்சியவர்கள் இரண்டு தாத்தாக்கள். தந்தைவழித் தாத்தா உசிலம்பட்டி ஒச்சப்பன். தாய்வழித் தாத்தா கொட்டாம்பட்டி வெள்ளைச்சாமி. இருவரும் நீள்நடையின் இரு கோடிகளில், ஒருவரையொருவர் பாராதபடி அமர்ந்திருந்தனர்.

அமர்ந்த முறைக்கான காரணத்தை அவர்களுடைய வேட்டிக் கரைகளே சொல்லின. ஒச்சப்பன் அப்போதைய ஆளுங்கட்சி. வெள்ளைச்சாமி எதிர்க்கட்சி. கரைகளின் நிறத்தை நான் எழுதமாட்டேன். மதுரையில் நிறத்தைச் சொல்லிவிட்டுக் கட்சியைச் சொல்லவில்லை என்று வாதிடுவது இயலாத செயல். திருமணத்துக்குப் பின் நடந்த உள்ளூர்த் தேர்தலிலிருந்து இவ்விரு சம்பந்திகளும் பேச்சை நிறுத்தியிருந்தனர் என்று பாண்டிச்செல்வியே முன்பு என்னிடம் சொல்லியிருந்தாள்.

பிரிவிலிருந்த சூட்டுப் படுக்கைகள் அனைத்திலும் இவளைவிட நலிந்த குழந்தைகள் கிடந்தன. அம்மையார் புறங்கையால் தொட்டார். வயிறு வெதுவெதுப்பு, கால் சில்லென்றிருந்தது. குழந்தை மருத்துவர் வந்து பார்த்தார். சூடு ஏறாவிட்டால் நண்பகலுக்குள் நகரின் மறுகோடியிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடவேண்டும் என்றார். வண்டியையும் ஆயத்தமாக இருக்கச் சொன்னார். தாய் இங்கே, பிள்ளை அங்கே என்றாகிவிடும். அதுவரை செய்யத்தக்கது ஒன்றே: யாரேனும் ஒருவரின் வெற்று மார்பில் குழந்தையை வெற்றுடம்போடு படுக்கவைத்து, நீண்ட துணியால் சேர்த்துக் கட்டிவிடுவது. மனித உடம்பைவிட நம்பகமான சூட்டுப் படுக்கை கிடையாது. மின்வெட்டும் அதைப் பாதிக்காது.

அம்மையார் நீள்நடைக்கு வந்து செய்தியைச் சொன்னார். இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தனர். வெள்ளைச்சாமி எழுந்த வேகத்தில் இருமினார். அது ஓர் இருமலோடு நிற்கவில்லை.

"எத்தன நாளா இருமல், அண்ணே?"

"இது சும்மா, தொண்டக் கரகரப்பு."

"பிள்ளைக்கு அது சும்மா இல்ல. நீங்க உக்காருங்க."

ஒச்சப்பன் முகத்தில் தோன்றிய மலர்ச்சியை நான் மறக்கவில்லை. இடைத்தேர்தலில் வென்றவர்போல் முன்வந்தார். பிளாஸ்டிக் பையிலிருந்து வேட்டி இரண்டை எடுத்து நீட்டினார்.

"பேத்திக்கு மொதத் துணி நம்ம துணிதான்னு மொதல்லயே கொண்டாந்துட்டேன் சிஸ்டரம்மா. நல்ல துணி. ஒருவாட்டிதான் கட்டுனது."

அம்மையார் ஒன்றை விரித்தார். அப்பளம் நொறுங்கும் ஓசை எழுந்தது. கஞ்சி போட்டு, நீலம் போட்டு, மடிப்புக் கலையாமல் தேய்த்த வேட்டி. கீழே வைத்தால் தானே நின்றிருக்கும்.

"ஏண்ணே, இது பிள்ளைக்கா, மேடைக்கா?"

"வெளுப்பப் பாருங்கம்மா!"

"வெளுப்பு குளிர் தாங்காதுண்ணே. பழசு இல்லையா?"

இல்லை. கட்சி ஆட்சிக்கு வந்ததிலிருந்து ஒச்சப்பனிடம் பழைய வேட்டி தங்குவதே இல்லை. கூட்டத்துக்குக் கூட்டம் புதிது வந்துவிடுகிறது. இதை அவரே பெருமையோடு சொன்னார். அப்போது நீள்நடையின் மறுகோடியிலிருந்து வெள்ளைச்சாமி, தம் மஞ்சட்பையைத் திறந்து எட்டு முழ வேட்டி ஒன்றை எடுத்துவந்தார். அவர் கட்சி நெடுநாளாக ஆட்சியில் இல்லை. புதுவேட்டி வரும் வழி அடைபட்டுக் கிடந்தது. துவைத்துத் துவைத்து அந்தத் துணி வெண்ணெய்போல் குழைந்திருந்தது. கரை மட்டும் பளிச்சென்று நின்றது. நான் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். என் பணிக்காலத்தில் அவ்வளவு மென்மையான துணியை அதற்குமுன் தொட்டதில்லை.

ஆக, மார்பு ஆளுங்கட்சியினுடையது, துணி எதிர்க்கட்சியினுடையது. வேறு வழி இல்லை.

"இந்தக் கரைய என் ஒடம்புல சுத்துறதா?" என்றார் ஒச்சப்பன். "உசிலம்பட்டிக்குள்ள நான் எப்படிம்மா போவேன்?"

"உசிலம்பட்டிக்கு யாரு போகச் சொன்னா? உள்ள நாற்காலிவரைக்கும் வாங்க, ஐயா" என்றார் அம்மையார்.

அண்ணன் ஐயாவாக மாறியதை நான் கவனித்தேன். ஒச்சப்பன் கவனிக்கவில்லை.

"சரிம்மா, கட்டுறேன். கரைய உள்பக்கமா மடிச்சுருங்க."

"உள்ள மடிச்சா பிள்ளை முதுகுல அராவும்."

"அப்ப கிழிச்சுருங்க."

"கிழிச்சிருவாரா? என் வேட்டியவா?" என்று வெள்ளைச்சாமி பாய்ந்தார். இருமல் அவரைப் பாதியில் நிறுத்தியது.

"தலைவரே," என்றார் அம்மையார், மிக இனிமையாக. "நீங்க ரெண்டு பேரும் பொதுக்குழு கூட்டி ஒரு முடிவுக்கு வாங்க. அதுக்குள்ள பிள்ளைக்குக் கால் இன்னும் கொஞ்சம் சில்லுன்னு ஆகட்டும். ஒண்ணும் அவசரமில்ல."

ஒச்சப்பன் சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார்.

கழுத்துச் சங்கிலியை வாங்கி வைத்தேன். மார்பிலிருந்த சந்தனத்தையும் அத்தரையும் வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்தேன். துடைத்த இடத்தில் பச்சை குத்திய உருவம் ஒன்று தெளிந்து வந்தது. அவருடைய கட்சியின் சின்னம். இளமையில் குத்தியதாம். கதவோரம் நின்ற வெள்ளைச்சாமியும் அதைக் கண்டுவிட்டார்.

"சிஸ்டரம்மா! என் பேத்தி அந்தச் சின்னத்துலயா மூஞ்சிய வைக்கணும்?"

"அதுக்கு அடியில ரத்தம் ஓடுது ஐயா. பிள்ளைக்கு அது போதும்" என்றார் அம்மையார்.

கட்டிய முறையைச் சொல்கிறேன், கேட்ட அந்த இளஞ்செவிலிக்காக. ஒச்சப்பனைச் சாய்ந்த நாற்காலியில் பாதி படுத்தவாறு அமர்த்தினோம். குழந்தைக்குத் தொப்பி, காலுறை, அரைத்துணி தவிர வேறொன்றும் இல்லை. நிமிர்ந்த நிலையில் மார்போடு மார்பாகக் கிடத்தி, மூச்சுத் தடைபடாதபடி தலையை ஒரு பக்கம் திருப்பி, முகவாயைச் சற்றே உயர்த்தினோம். கால்களைத் தவளைபோல் விரித்து மடக்கினோம். வேட்டியை நீளவாக்கில் மடித்து, நடுப்பகுதியைக் குழந்தையின் முதுகில் வைத்து, இரு நுனிகளையும் தாத்தாவின் முதுகுப்புறம் கொண்டுபோய் மாற்றி, மீண்டும் முன்னே கொண்டுவந்து பக்கவாட்டில் முடிந்தோம். மேலோரம் குழந்தையின் காதளவு. கீழோரம் பிட்டத்தின் அடியில். முடிந்தபின் பார்த்தால், குழந்தையின் கன்னம் ஆளுங்கட்சிச் சின்னத்தின்மேல் படிந்திருந்தது. முதுகில் எதிர்க்கட்சிக் கரை கட்டியங்கூறி ஓடியது. நானாகத் திட்டமிட்டிருந்தாலும் அவ்வளவு நேர்த்தியாக அமைத்திருக்கமாட்டேன்.

ஒச்சப்பன் கல்லாகிவிட்டார்.

"மூச்சு விடுங்க, ஐயா."

"விட்டா பிள்ள ஆடுதேம்மா."

"ஆடட்டும். அது அதுக்குத் தாலாட்டு."

சற்று நேரங்கழித்து அம்மையார் வந்து தொட்டார். கால் இன்னும் சில்லென்றே இருந்தது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சன்னல் வழியே கீழே நின்ற வண்டியை ஒருமுறை பார்த்தார். ஒச்சப்பனும் அதைப் பார்த்தார். அதன்பின் அவர் கரையைப் பற்றிப் பேசவில்லை. "கால் எப்படிம்மா இருக்கு?" என்று மட்டும் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். கதவுக்கு வெளியே வெள்ளைச்சாமி வாயில் துண்டை அழுத்தி இருமலை அடக்கிக்கொண்டு, அதே கேள்வியைச் சைகையால் கேட்டார். நான் இருவருக்கும் ஒரே விடையைத்தான் சொன்னேன்: பொறுங்கள்.

பார்வையாளர் நேரம் வந்தது. அப்போது ஒச்சப்பனின் கட்சிக்காரர்கள் நால்வர், பொன்னாடையும் பழத்தட்டுமாகப் படியேறி வந்தார்கள். பேத்தி பிறந்த செய்தி உசிலம்பட்டியிலிருந்து அவர்களை இழுத்துவந்திருந்தது. எங்கள் பிரிவின், மேற்புறம் திறந்த கண்ணாடித் தடுப்புக்கு வெளியே வந்து நின்றார்கள். முன்னால் நின்றவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார்.

"அண்ணே... என்னண்ணே இது?"

ஒச்சப்பனுக்குக் கத்தவேண்டும்போல் இருந்திருக்கும். கத்தினால் குழந்தை அதிரும். ஆகவே கிசுகிசுத்தார்.

"சத்தம் போடாதடா. பிள்ள தூங்குது."

"எப்பண்ணே மாறுனீங்க? ஒரு வார்த்த சொல்லலையே?"

"மாறலடா. கட்டிருக்கேன்."

"அதத்தாண்ணே கேக்குறோம்!"

"மாப்ள, போன எடு" என்றார் பின்னால் நின்ற ஒருவர். ஒச்சப்பன் இரு கைகளாலும் கரையை மறைக்க முயன்றார். கை எடுத்த இடத்தில் குழந்தை நழுவும்போல் தோன்றவே மறுபடியும் அணைத்துக்கொண்டார். இந்தத் தவிப்பை வெள்ளைச்சாமி கண்டார். அவர் சிரிப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவரோ விரைந்து போய்க் கட்சிக்காரர்களுக்கும் தடுப்புக்கும் நடுவே நின்று, தோளில் கிடந்த துண்டை உதறி, இரு கையாலும் விரித்துச் சம்பந்தியை மறைத்தார். நல்லெண்ணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் துண்டிலும் அதே கரை, வேட்டியிலிருந்ததைவிட அகலமானது.

"இவரு யாருண்ணே, கொடி புடிக்கிறாரு?"

"என் சம்பந்திடா! அவரு துணிதாண்டா இது. என் பேத்தி உசுரு இப்ப இந்தத் துணியிலதான் இருக்கு. வாய மூடிட்டுப் போங்கடா." கிசுகிசுப்பிலேயே இவ்வளவு சொன்னார். எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அம்மையார் வெளியே போய், "மாண்புமிகு பெரியவங்களே, கொஞ்சம் கீழ எறங்குறீங்களா?" என்றார். அந்த மரியாதையின் பொருள் அவர்களுக்கு எப்படியோ விளங்கிவிட்டது, பொன்னாடையோடு இறங்கினார்கள். படம் எடுக்கப்பட்டதென்றும் ஊர் முழுக்கப் பரவியதென்றும் சொல்வார்கள். நான் பார்த்ததில்லை, ஆகவே விட்டுவிடுகிறேன்.

உள்ளே திரும்பிய அம்மையார் வேட்டிக்குள் கையை நுழைத்தார். வயிற்றைத் தொட்டார். காலுறையை விலக்கி உள்ளங்காலைத் தொட்டார். மறுபடியும் வயிறு, மறுபடியும் கால். வழக்கமாக ஒருமுறைக்குமேல் தொடமாட்டார்.

"ஏண்டி," என்று என்னை அழைத்தார். "டாக்டர்கிட்டச் சொல்லு. வண்டி வேணாம்."

ஒச்சப்பன் கண்ணைத் துடைக்கக் கை எடுக்கவில்லை. எடுத்தால் பிள்ளை நழுவுமே. நான் துடைத்துவிட்டேன். தடுப்புக்கு வெளியே வெள்ளைச்சாமி தம் துண்டால் தாமே துடைத்துக்கொண்டார்.

கஞ்சி போட்ட வேட்டிகளை வெந்நீரில் ஊறப்போட்டு, விறைப்பு நீங்க அலசி, கரையை நீக்கிச் சதுரங்களாகக் கிழித்தோம். சில துவைப்புகளுக்குப் பின் அவையும் குழைந்தன. அந்த மழைக்காலம் முழுதும் எங்கள் பிரிவில் கட்சி வேறுபாடின்றி எல்லாக் குழந்தைகளையும் ஆளுங்கட்சியே போர்த்திவந்தது.

பாண்டிச்செல்வி நலமடைந்து, வழக்கப்படி தாய்வீடான கொட்டாம்பட்டிக்குப் போனாள். எடை பார்க்க மீண்டும் வந்த அன்று, குழந்தையை அவள் தூக்கிவரவில்லை. அவளுக்கு முன்னால் ஒச்சப்பன் வந்தார். சட்டை வயிற்றுப் பக்கம் புடைத்திருந்தது. பொத்தானைக் கழற்றினார். உள்ளே அதே வேட்டி, அதே கட்டு; முடிச்சுக்கூட நான் போட்டதைவிட நேர்த்தி.

"உசிலம்பட்டியிலேர்ந்தா வாரீங்க, ஐயா?" என்று கேட்டேன்.

"மாமா எங்க வீட்டுலதான் இருக்காரு சிஸ்டர்," என்றாள் பாண்டிச்செல்வி. "நாங்க போன அன்னிக்கே பின்னாலயே வந்துட்டாரு."

அவளுக்குப் பின்னால் வெள்ளைச்சாமி நின்றார். இருமல் போயிருந்தது; முகத்தில் வேறொரு நோய் இருந்தது.

"நீங்களே கேளுங்க சிஸ்டரம்மா. எனக்கு இருமல் நின்னு எம்புட்டு நாளாச்சு! பிள்ளையக் குடுக்கவே மாட்டேங்குறாரு. துணியவும் அவுக்க மாட்டேங்குறாரு. அது என் துணி!"

"நானா மாட்டேங்குறேன்?" என்றார் ஒச்சப்பன், குழந்தையின் தலைக்கு மேலாகக் கிசுகிசுத்து. "வேற துணியில போட்டா அழுகுதும்மா. எல்லாத் துணியிலயும் போட்டுப் பாத்துட்டேன். வேற ஆளு தூக்குனாலும் அழுகுது."

"யாரு தூக்கிப் பாத்தா? நீங்க எப்பக் குடுத்தீங்க?"

அம்மையார் குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டார். போதிய சூடு இருந்தது. எடையும் ஏறியிருந்தது, இனி யார் கையிலும், எந்தத் துணியிலும் அவள் வளரலாம். ஞானசுந்தரி அம்மையார் என்னைப் பார்த்தார். அலமாரியில் சதுரத்துணிகள் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்துச் சுற்றிப் பார்த்துவிட்டால் வழக்கு ஒரு நொடியில் தீர்ந்துவிடும்.

"சோதிச்சுப் பாத்துருவமா, ஐயா?" என்றேன்.

ஒச்சப்பன் இரு கைகளாலும் முடிச்சை மூடிக்கொண்டார்.

"வேணாம்மா. தூங்குது."

நாங்கள் சோதிக்கவில்லை. ஆகவே, அக்குழந்தை வேறு துணியில் உண்மையிலேயே அழுததா என்பது எனக்குத் தெரியாது.